கண் மனைவி வைத்தது

மார்லிஸ் ஹார்ம்ஸ் காபியைக் கொதிக்கக் கொதிக்கத்தான் குடிப்பாள். ஆறும்வரை உட்கார்ந்திருக்க அவளுக்கு இருப்புக் கொள்ளாது. அறுபத்து மூன்று வயதில் மற்ற பெண்களெல்லாம் நாற்காலியைத் தேடுவார்கள், இவள் வண்டிச் சாவியைத் தேடுவாள். அமெரிக்காவில் அயோவா மாநிலத்தின் வடக்கே, ஹார்லோ என்ற சின்ன ஊருக்கு வெளியே, மக்காச்சோளக் காட்டுக்கு நடுவில் அவள் வீடு. சர்ச்சின் கீழ்த்தளத்தில் ஈஸ்டர் விருந்து முடிந்து பாத்திரம் கழுவுகிற பெண்கள், "மார்லிஸ் எங்க, இப்பத்தானே இங்க நின்னா?" என்று கேட்பார்கள். "அவ இந்நேரம் அடுத்த ஜில்லாவுல இருப்பா" என்று யாராவது ஒருத்தி துடைத்த தட்டை அடுக்கியபடியே சொல்வாள்.

பிறவியிலேயே அவள் அப்படி இல்லை. இந்த ஓட்டம் தொடங்குவதற்கு முன் பதினோரு வருடம் அவள் அந்த வீட்டைவிட்டு நகரவே இல்லை.

மாமனார் ஓட்டோவுக்குப் பக்கவாதம் வந்தபோது முன்னறையில் கட்டில் போட்டார்கள். புருஷன் வெர்லின் ஊர்த் தானியக் கிடங்கில் எடை எழுதுகிறவன். காலையில் போனால் மாலையில்தான் வருவான். அறுவடைக் காலத்தில் அதுவும் கிடையாது. ஆக, கிழவரைப் புரட்டிப் போடுவது, கஞ்சி ஊட்டுவது, மாத்திரை கொடுப்பது எல்லாம் மார்லிஸ். ஒரு மாத்திரைக்கும் அடுத்த மாத்திரைக்கும் நடுவே இரண்டு மணி நேரம். அதற்குள் எவ்வளவு தூரம் போய்த் திரும்ப முடியுமோ அவ்வளவுதான் அவளுடைய உலகம். மளிகைக் கடை, மருந்துக் கடை, சர்ச்.

ஒரே ஒரு தடவை, ஆகஸ்டு மாதம், மாநிலக் கண்காட்சிக்குப் போய்வரலாம் என்று புது செருப்புகூட வாங்கிப் போட்டுக்கொண்டு நின்றாள். அன்று காலை கிழவருக்குக் காய்ச்சல். "அப்பாவ யாரு பாத்துக்குறது?" என்றான் வெர்லின். குற்றமாகச் சொல்லவில்லை, கேள்வியாகத்தான் கேட்டான். மார்லிஸ் செருப்பைக் கழற்றி வைத்தாள். யாரும் சத்தம் போடவில்லை. அந்த வீட்டில் யாரும் எதற்கும் சத்தம் போட்டதில்லை.

ஓட்டோ ஒரு மார்ச் மாதம் இறந்தார். செவ்வாய்க்கிழமை அடக்கம். சனிக்கிழமை காலை மார்லிஸ், "ரொட்டி வாங்கிட்டு வர்றேன்" என்று சொல்லி வேனை எடுத்தாள். இருட்டுகிற நேரத்தில் திரும்பி வந்தாள். எழுபது மைல் தள்ளி ஒரு ஊரில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருப்பதைப் பார்த்தாளாம், ஒவ்வொன்றாக ஏறி இறங்கினாளாம். கையில் ஒரு முட்டை எடைபார்க்கும் தராசு. ரொட்டியை மறந்துவிட்டாள்.

அன்றிலிருந்து அதுவே வாழ்க்கை ஆனது. மே பிறந்தால் உழவர் சந்தைகள். புதனுக்கு ஒரு ஊர், வியாழனுக்கு ஒரு ஊர், சனிக்கிழமை எங்கு பார்த்தாலும் சந்தை. சந்தைக்குள் நுழைந்தால் ஒரு ஓரமாக வேகமாகப் போவாள், மறு ஓரமாக அதைவிட வேகமாகத் திரும்புவாள். வெயிலின் சூடு ஆறாத தக்காளி, மண் ஒட்டிய முள்ளங்கி, தேன் என்று பையில் விழுந்துகொண்டே இருக்கும். செக் நாட்டு வம்சத்துக் கிழவிகள் சுட்டு விற்கிற ஆப்ரிகாட் ரொட்டியை வேனில் சாய்ந்தபடி நின்றே தின்பாள். குளிர்காலம் வந்தால் பழம்பொருள் மால்கள். நடுநடுவே, வழியில் எது தென்பட்டாலும் ஒரு எட்டு: கூரை போட்ட மரப்பாலம், ஊர் நடுவே கம்பத்தில் ஏற்றி வைத்த ராட்சத ஸ்ட்ராபெரி, டச்சுக்காரர்களின் காற்றாலை, டியூலிப் தோட்டம். எங்கும் இருபது நிமிடத்துக்கு மேல் தங்க மாட்டாள். அடுத்த ஊரின் பெயர்ப்பலகை கண்ணில் படும்போதுதான் அவளுக்கு மூச்சு சீராக வரும். அந்த ஊருக்குள் நுழைந்து வண்டியை நிறுத்தியதும் மறுபடி நெஞ்சுக்குள் எலி ஓடும்.

"அப்படி என்னதான் தேடுற?" என்று மகள் ஒமாஹாவிலிருந்து போனில் கேட்பாள்.

"பாத்தா தெரிஞ்சிடும்."

முதல் வருடம் அவள் வெர்லினையும் கூப்பிட்டாள். முட்டி வலிக்கிறது என்றான், கூட்டம் ஆகாது என்றான், புல் வெட்ட வேண்டும் என்றான். பிறகு அவளும் கூப்பிடுவதை விட்டுவிட்டாள். அடுத்த வருடம் அவன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றான். அப்போதும் வரவில்லை. ஆனால் அவள் திரும்பி வந்ததும், "எங்க போன, என்ன பாத்த?" என்று தவறாமல் கேட்பான். அவள் நின்றுகொண்டே, பாத்திரம் கழுவிக்கொண்டே சொல்வாள். எந்த ஊர், யார் விற்றார்கள், மழையா வெயிலா, எதற்காக அந்தச் சாமானை எடுத்தாள். அவன் ஆப்பிள் பை பலகாரத் துண்டை முள்கரண்டியால் கிளறிக்கொண்டே இருப்பான். ரேடியோவில் தானிய விலை கேட்கிற முகம். அவன் காதில் பாதிகூட விழுவதில்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

வாங்கிய சாமான்கள் டிராக்டர் கொட்டகைக்குப் போயின. கொட்டகை நிரம்பி வழிய வேண்டியது. வழியவில்லை. மார்லிஸ் அதை யோசித்துப் பார்த்ததும் இல்லை. ஒன்றைக் கொண்டுபோய் வைத்தபின் அடுத்தது எங்கே என்றுதான் அவள் புத்தி ஓடும்.

நான்காவது வருடம் செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை. தெற்கே போகிற வழியில் சந்தை ஒன்று மழையால் கலைந்துவிட்டது. கூடாரக் கால்களைப் பிடித்துக்கொண்டு வியாபாரிகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். வந்ததற்கு எங்காவது நுழைவோம் என்று அவள் வண்டியைத் திருப்பியபோது கெல்சோ என்ற ஊரில், மூடிப்போன பள்ளிக்கூடக் கட்டடத்தில், பழம்பொருள் மால் என்று பலகை தெரிந்தது. அவள் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவு. இதற்குமுன் அவள் அங்கே வந்ததில்லை.

வாசலில் கல்லாவுக்குப் பின்னால் எண்பது வயதுக்குக் குறையாத ஒரு பெண், ஆர்டித் என்று பெயர், குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். "கால துடைச்சிட்டுப் போ கண்ணு. கீழ அறுபது தடுப்பு, மேல முப்பது. மாடிப்படி வழுக்கும், விழுந்தா நான் தூக்க மாட்டேன்" என்றாள் நிமிராமலே.

வகுப்பறைகளைப் பலகையால் பிரித்துத் தடுப்பு தடுப்பாக வாடகைக்கு விட்டிருந்தார்கள். மார்லிஸ் வழக்கம்போல் விறுவிறுவென்று நடந்தாள். ஒருவர் தடுப்பில் பொம்மைகள், ஒருவர் தடுப்பில் விதைச்சோளச் சாக்குகள், கண்ணாடிக் குடுவைகள். மூன்றாம் வகுப்பறையின் மூலையில் இருந்த தடுப்பைத் தாண்டிப் போனவள் நான்கடி பின்னால் வந்தாள்.

அலமாரியில் ஒரு தகர ரொட்டி டப்பா. மூடியில் ஒரு சேவல். இதே மாதிரி ஒன்று அவளிடமும் உண்டு, எல்கேடர் என்ற ஊரில் வாங்கியது. வாங்கும்போது சேவலுக்குக் கண் இல்லை. பெயிண்ட் உதிர்ந்து போயிருந்தது. அவள்தான் வேனில் உட்கார்ந்து தன் நகப்பூச்சால் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தாள்.

இந்தச் சேவலுக்கும் கண் சிவப்பாக இருந்தது. மார்லிஸ் விரலால் தடவினாள். ஓரத்தில் ஒரு இழுப்பு. அன்று பொட்டு வைக்கும்போது அவள் கை பிசகியது.

டப்பாவின் காதில் நூலில் கட்டிய சீட்டு. நீலப் பென்சில். விலையில் 4 என்ற எண்ணைத் தலை மூடாமல் எழுதுகிற, முப்பத்தேழு வருடம் எடைச்சீட்டு எழுதிய வெர்லினின் கை. "ரொட்டி டப்பா. துரு இல்லை. மூடி சரியாக மூடும். எல்கேடரில் வாங்கியது. சேவலின் கண் மனைவி வைத்தது. நன்றாக வந்திருக்கிறது."

அவள் அந்தச் சீட்டை மூன்று தடவை படித்தாள். பிறகு பக்கத்துச் சாமானைப் பார்த்தாள். அதுவும் அவளுடையது. அதற்குப் பக்கத்திலிருந்ததும். அந்தத் தடுப்பு முழுவதும் அவளுடைய நான்கு வருடம்.

"எனாமல் காபிக் கெட்டில். அடியில் ஊசித் துளை உண்டு. வாங்கும்போது அவள் கவனிக்கவில்லை. பூ வைக்க ஆகும்."

"முட்டைத் தராசு. இதுதான் முதலில் வந்தது. விற்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவாகவில்லை, கேட்டுப் பாருங்கள்."

"பால் வண்டிக்காரரின் மணி. டிகோராவில், பனி கொட்டிய நாளில். விற்ற பெண் அழுதாளாம். இவள் விலை பேசாமல் வாங்கி வந்துவிட்டாள்."

மார்லிஸ் நின்றாள். இருபது நிமிடம் ஆயிற்று, நாற்பது ஆயிற்று, அவள் நின்றுகொண்டே இருந்தாள். கோபமா வேறு ஏதாவதா என்று அவளுக்கே பிடிபடவில்லை. காது மட்டும் சூடாக இருந்தது. கடைசியில் ரொட்டி டப்பாவை இடுக்கிக்கொண்டு கல்லாவுக்கு வந்தாள்.

"அந்தத் தடுப்பா?" என்றாள் ஆர்டித். "புதன்கிழமை மனுஷன். பாதிப் பேரு சாமான் வாங்க வர்றதில்ல, சீட்டைப் படிக்கத்தான் வர்றாங்க. அவரு வந்தா என் காபி காலி. நாலு மணி நேரம் பேசுவாரு."

"வெர்லினா பேசுறான்?"

"நிறுத்த முடியாது கண்ணு. உனக்குத் தெரிஞ்சவரா?"

"ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுவான். எட்டு வார்த்தை சோறு பத்தி."

ஆர்டித் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள். "ஓ. நீதான் அந்த ஊர் சுத்துறவளா?"

"அப்படியா சொன்னான்?"

"பெருமையாத்தான் சொன்னாரு. சண்டைய இங்க போட்டுடாத. இங்க எல்லாம் கண்ணாடி." அவள் விலையில் ஒரு டாலர் குறைத்துக்கொண்டாள்.

மார்லிஸ் அன்று வேறெங்கும் போகவில்லை. நேரே வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் உப்புக்கும் மிளகுக்கும் நடுவில் டப்பாவை வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். வெர்லின் தோட்டத்திலிருந்து வந்தான், கை கழுவினான், திரும்பினான், சேவலைப் பார்த்தான். ஒவ்வொரு விரலாகத் துடைத்தான்.

"எவ்வளவு போட்டாங்க?"

"ஒரு டாலர் குறைச்சாங்க."

"ஆர்டித் யாருக்கும் குறைக்க மாட்டாளே."

"ஊர் சுத்துறவளுக்குக் குறைப்பாங்களாம்."

அவன் உட்கார்ந்தான். அவள் நின்றாள். "வித்ததுக்கு எனக்குக் கோவம் இல்ல, வெர்லின். அது அங்க கெடந்தா எனக்கு என்ன, இங்க கெடந்தா எனக்கு என்ன. போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம். வாராவாரம். முட்டி வலிக்குதுன்ன. கூட்டம் ஆகாதுன்ன. அங்க போய் ஊர்க்காரங்க காது புளிக்கப் பேசுற. நான் கூப்பிட்டப்ப ஏன் வரல?"

"மொத வருஷம் கூப்பிட்ட. அப்புறம் நிறுத்திட்ட."

"வரலன்னா நிறுத்தாம?"

"நீ நிறுத்தினது எனக்குச் சவுகரியமா இருந்துச்சு. அது தப்புதான்."

வெர்லின் நீளமாகப் பேசிப் பழகாதவன். வார்த்தையைக் கிணற்றிலிருந்து இறைப்பதுபோல் ஒவ்வொன்றாக எடுத்தான். கொட்டகைக் கதவு மூடவில்லை என்று முதலில் மூன்று பெட்டியைக் கொண்டுபோனானாம். தெரிந்த ஊரில் வைத்தால் அவளுக்கு எட்டிவிடும் என்றுதான் தூரமாகப் போனானாம். ஒருத்தர் ஒரு சாமானைக் காட்டி இது எங்கிருந்து வந்தது என்று கேட்க, அவள் சொன்னதை இவன் சொன்னானாம். அவர் நின்று கேட்டாராம். "என் பேச்ச அப்படி நின்னு யாரும் கேட்டதில்ல. உன் பேச்சுதான் அது, ஆனாலும்."

"எங்கிட்ட சொல்லிருக்கலாம்."

"சொன்னா நீ வாங்குறத நிறுத்திடுவ. வாங்குறத நிறுத்தினா போறத நிறுத்திடுவ. வீட்டுல இருந்தா நீ ஜன்னல் ஜன்னலாப் போய் நிக்கிற, மார்லிஸ். எனக்குப் பயமா இருக்கு." அவன் முன்னறைப் பக்கம் கையைக் காட்டினான். "அப்பா கட்டில் கெடந்த எடத்துல கம்பளத்துல நாலு குழி இருக்கு பாரு. கட்டில எடுத்து நாலு வருஷம் ஆச்சு. நீ இன்னும் அதச் சுத்தித்தான் நடக்குற. நானும் அப்படித்தான். நீ ஓடுறது இந்த வீட்ட விட்டா, என்ன விட்டான்னு எனக்குத் தெரியல. கேட்டா நீ பதில் சொல்லிடுவியோன்னு கேக்கல."

மார்லிஸ் சாவியைக் கையில் எடுத்தாள், கீழே வைத்தாள், மறுபடி எடுத்தாள். உருளைக்கிழங்கு அடிப்பிடித்தது.

"நாளைக்கு டி மாயின் சந்தைக்குப் போறேன். நீயும் வா" என்றாள். "முட்டி கிட்டின்னு பேசாத."

சந்தை நகரத்தின் நடுத்தெருக்களை அடைத்து நீண்டு கிடந்தது. மார்லிஸ் முதல் தெருவை முடிக்கும்போது வெர்லின் முதல் கூடாரத்திலேயே இருந்தான். சோயா விவசாயி ஒருவரோடு ஈரப்பதம் பற்றிப் பேச்சு. அவள் இரண்டாம் தெருவுக்குப் போய்த் திரும்பினாள். லாவோஸிலிருந்து வந்து நாற்பது வருடமாக இங்கே காய்கறி போடுகிற ஒரு மூதாட்டியிடம் பாகற்காயை எப்படிச் சமைப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தான். அந்த அம்மாளுக்கு ஆங்கிலம் அரைகுறை, இவனுக்கு எந்தப் பேச்சும் அரைகுறை. ஆனாலும் இருவரும் கையை ஆட்டி ஆட்டி முடிக்கிறபாடாக இல்லை.

"வெர்லின், போலாமா."

"உப்பு போட்டுப் பிழியணுமாம்."

"போலாமா."

"பிழிஞ்சா கசப்பு போகாதாம். ஆனா கசப்புதான் நல்லதாம்."

மூன்று மணி நேரம் ஆயிற்று. அவள் தனியாக வந்தால் முக்கால் மணி. வேனில் ஏறியதும், ஆடுபன் ஊரில் இருக்கும் கான்கிரீட் காளையைப் பள்ளிக்கூட நாளிலிருந்து பார்க்க ஆசை என்றான். அவள் அதை மூன்று தடவை பார்த்தாயிற்று. ஆனாலும் மேற்கே ஓட்டினாள்.

ஐந்தாள் உயரக் காளை. பூங்காவில் நிற்கிறது. கூடிப்போனால் ஐந்து நிமிடம், ஒரு படம் எடுத்தால் ஆறு. வெர்லின் பலகையில் எழுதியிருந்ததை முதல் எழுத்திலிருந்து படித்தான். ஒவ்வொரு குளம்பாகச் சுற்றி வந்தான். மிசௌரியிலிருந்து வந்த ஒரு குடும்பத்திடம் அவர்கள் ஊர் மாடு பற்றி விசாரித்தான். மார்லிஸ் வேனில் உட்கார்ந்திருந்தாள். தொடை தானாக ஆடிக்கொண்டிருந்தது. வேனை நிழலுக்குத் திருப்பலாம் என்று சாவியைப் போட்டாள்.

நிழலைத் தாண்டி, பூங்காவைத் தாண்டி, ஊர் எல்லையைத் தாண்டியபோதும், இதோ திரும்பப் போகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டாள். முதல் குறுக்குச் சாலை வந்தது. அடுத்ததில் திரும்புவோம் என்றாள். அடுத்தது வந்தது. இருபுறமும் அறுவடை இயந்திரங்கள், காற்றெல்லாம் சோளத் தூசி. கண்ணாடிகளை இறக்கிவிட்டாள். வேகம் கூடக் கூட நெஞ்சு லேசானது. மண்குன்றுகள் வந்தன. குன்றுகள் முடிந்தன. ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓட்டி மிசௌரி ஆற்றுக்கு வந்துவிட்டாள். பாலத்தைத் தாண்டினால் வேறு மாநிலம். மகள் வீடு அரை மணி. அதற்கப்பால் அவள் பார்த்தேயிராத சாலைகள்.

பாலத்துக்கு முன்னால் படகு இறக்கும் துறையில் வண்டியை நிறுத்தி, இறங்கி, தண்ணீர் ஓரமாக நின்றாள். இன்ஜினை அணைக்கவில்லை. அறுபத்தாறு வயது மனுஷனை, முட்டி நோவோடு, ஒரு காளைக்கு அடியில் விட்டுவிட்டு வந்திருக்கிறோம் என்று நினைக்க அவமானமாக இருந்தது. திரும்ப வேண்டும் என்று நினைத்தால் மூச்சு முட்டியது.

போன் அடித்தது.

"மார்லிஸ், அவசரம் ஒண்ணும் இல்ல" என்றான் வெர்லின். "பன்னிக்கறி வச்ச ரொட்டி வாங்கப் போறேன். ஒண்ணு வாங்கவா, ரெண்டு வாங்கவா?"

அவன் காத்திருந்தான். எடைமேடையில் லாரி ஏறி முள் நிலைக்கும்வரை காத்திருந்து பழகியவன்.

"நான் ஆத்துக்கிட்ட இருக்கேன்" என்றாள்.

"மிசௌரியா?"

"ஆமா."

"தண்ணி எப்படி இருக்கு?"

"கலங்கல். நெறையப் போகுது."

"மேல மழை பெஞ்சிருக்கும்." சற்றுப் பொறுத்து, "அப்ப பாத்துட்டு வா. ரெண்டா வாங்குறேன். ஆறிடும், பரவால்ல" என்றான்.

அவள் இன்னும் ஒரு கால் மணி நேரம் தண்ணீரைப் பார்த்தாள். வேரோடு ஒரு மரம் மிதந்து போயிற்று. பிறகு வண்டியைத் திருப்பினாள்.

ஆடுபன் வந்துசேர மாலை ஐந்தாகிவிட்டது. வெர்லின் காளையின் நிழலில் பெஞ்சில் இருந்தான். பக்கத்தில் காகிதப் பொட்டலம் இரண்டு. வேனின் முன்மூடியில் வைத்துச் சாப்பிட்டார்கள். ரொட்டி நமுத்துப் போயிருந்தது.

"பாலத்தத் தாண்டலயா?" என்றான்.

"தாண்டல."

"தாண்டணும்னு தோணுச்சா?"

"தோணுச்சு."

அவன் மென்று முடித்தான். "வீட்ட வித்துடலாமா?"

"உங்கப்பா கட்டுன வீடு."

"அப்பா கட்டுனாரு. அதுக்கு நாம என்ன பண்ண முடியும்?"

மார்லிஸ் அழுதாள். பதினோரு வருடம் கட்டிலருகே அழாதவள், ஓட்டோவின் அடக்கத்தில்கூட அழாதவள், கையில் பாதி ரொட்டியோடு அந்தப் பூங்காவில் நின்று அழுதாள். மிசௌரிக் குடும்பம் எப்போதோ போய்விட்டிருந்தது. வெர்லின் அவள் தோளைத் தொடவில்லை. கைக்குட்டையை எடுத்து வேனின் முன்மூடியில், அவள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தான்.

வீட்டை மறு வசந்தத்தில் மூன்று பிள்ளைகள் உள்ள ஒரு தம்பதி வாங்கினார்கள். முன்னறைக் கம்பளத்தைப் பெயர்த்தெடுத்துவிடப் போவதாகச் சொன்னார்கள். ஹார்ம்ஸ் தம்பதி கெல்சோவில் பள்ளிக்கூடத்துக்கு எதிர்வரிசையில், தரைத்தளத்தில், இரண்டு அறை வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்தார்கள். அவள் வாங்குவாள், அவன் விற்பான். சேர்ந்து போகும் நாட்களில் இரண்டு வண்டி. சந்தை வாசலில் பிரிந்து, இன்ன ஊரில் இன்ன நேரம் சாப்பாடு என்று பேசிவைத்துக்கொள்வார்கள். அதற்குள் அவள் நான்கு ஊர் பார்த்திருப்பாள், அவன் நான்கு பேரைப் பார்த்திருப்பான். "கல்யாணமா இது, கூரியர் சர்வீஸா?" என்பாள் ஆர்டித்.

இதனாலெல்லாம் மார்லிஸுக்கு இருப்புக் கொண்டுவிட்டது என்று சொல்ல முடியாது. காபி இன்னும் கொதிக்கக் கொதிக்கத்தான். அந்த இரண்டு அறையிலும் நான்கு ஜன்னல், நான்கிலும் நிற்பாள். ஆனால் எந்த ஊரிலிருந்து கிளம்பினாலும், இப்போது மணி என்ன, வெர்லின் எங்கே இருப்பான் என்று ஒரு தடவையாவது நினைப்பாள். முன்பு அப்படி நினைத்ததில்லை.

அடுத்த ஜனவரியில் அவனுடைய வலது முட்டியை மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆறு வாரம் ஓய்வு, பிறர் உதவி. மார்லிஸ் அதை ஆஸ்பத்திரி வராண்டாவில் கேட்டாள். கட்டிலை எந்த அறையில் போடுவது என்று அவள் மனம் தன்னாலேயே அளவெடுக்கத் தொடங்கிவிட்டது. கட்டில், மாத்திரை, இரண்டு மணி நேரம்.

"கட்டில் வேணாம்" என்றான் வெர்லின். "ஊர்க்கோடியில பராமரிப்பு இல்லம் இருக்குல்ல, அங்க மூணு வாரத்துக்கு எடம் சொல்லிட்டேன். நடக்கப் பழக்குறதும் அவங்கதான்."

"எங்கிட்ட கேக்கவே இல்ல."

"கேட்டா வேணாம்னு சொல்லுவ. சொல்லிட்டுச் செத்துப்போவ."

"உன்ன யாரோ புரட்டிப் போடுறத நான் பாத்துட்டு இருக்கணுமா?"

"பாக்காத. ஊருக்குப் போ. போயிட்டு வந்து சொல்லு."

அறுவை முடிந்து அவன் இல்லத்துக்கு மாறியதும் அவள் போனாள். போகாமல் இருக்க முடியாது என்பது இருவருக்கும் தெரியும். குளிர்காலச் சந்தை ஒன்று பழைய ரயில் நிலையத்துக்குள் நடக்கிறது. அங்கே போய்விட்டு, பூட்ஸில் பனியோடு, சனிக்கிழமை மத்தியானம் இல்லத்துக்கு வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள், ஐந்து நிமிடத்தில் எழுந்தாள், ஜன்னலருகே நின்றாள். நிலவறையில் வைத்த ஆப்பிள் இந்த வருடம் சுருங்கவே இல்லையாம், தேன்காரன் மகளுக்குக் கல்யாணமாம்.

"உக்காரேன்" என்றான் வெர்லின்.

"உக்கார வரல."

"அப்ப என்னை நடத்து. காலையில ஒரு தடவை நடந்தேன், மத்தியானம் ஒண்ணு பாக்கி. நடக்கப் பழக்குற பொண்ணு வர நாலு மணியாகும்."

நடைச்சட்டத்தைப் பிடித்து அவன் எழுந்தான். நீளமான வராண்டா. அவன் ஒரு அடி வைப்பான், நிற்பான், உதட்டைக் கடிப்பான், அடுத்த அடி வைப்பான். மார்லிஸ் கூடவே நான்கு அடி வந்தாள். பிறகு கால் கேட்கவில்லை. விடுவிடுவென்று வராண்டாக் கோடிவரை போனாள், அங்கிருந்த தீயணைப்புக் கதவைத் தொட்டாள், திரும்பி அவனிடம் வந்தாள். அவன் மூன்றாவது கதவுக்கு வந்திருந்தான்.

"கோடியில என்ன இருக்கு?" என்றான்.

"மீன் தொட்டி. ஆரஞ்சு மீன் ஆறு. ஒண்ணு படுத்தே கெடக்கு."

"செத்துடுச்சா?"

"இரு, பாத்துட்டு வர்றேன்" என்று அவள் மறுபடி போனாள்.